மூன்று நான்கு ஆறு ஐந்து

அடிவாரம் தாண்டியதும்
வளைவுகளுக்கு எண் வந்துவிடுகிறது.
மஞ்சள் பலகை, கறுப்பு எழுத்து, இருபதில் ஒன்று.
ஏழாவதில் யாராவது வாந்தி எடுப்பார்கள்.
டிரைவர் செம்மலை திரும்பிப் பார்க்காமலே
“வெளிய, வெளிய” என்பார்.
என் மடியில் காலி பாட்டில்கள் ஆறு.
ஏரித் தண்ணீர் எடுக்கப் போகிறேன்.

படகுத்துறைக்குப் பின்னால்
உரிந்த பெயின்ட் மிதக்கும் மூலையில்
அழுகிய இலைக்கு அடியில் இருக்கிறது அது.
ஒரே ஒரு செல்.
அடிவயிற்று மயிர்க்கற்றைகளைக் காலாக ஊன்றி
இலைமேல் நடக்கும், ஓடும்,
சட்டென்று நின்று பின்வாங்கும்,
கேஸை அணைத்தோமா என்று நினைவு வந்ததுபோல.

உள்ளே இரண்டு வகை உட்கரு.
பெரியது அன்றாடத்துக்கு: தின்ன, நடக்க, செரிக்க.
சின்னது பூட்டிய பீரோ.
அடுத்த தலைமுறைக்கென்று வைத்திருப்பது.
திறந்தால் எல்லாம் கலைந்து கிடக்கிறது.

ஒரு ஜீனை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது துண்டு.
பீரோவில் அவை இருக்கும் வரிசை:
மூன்று நான்கு ஆறு ஐந்து ஏழு ஒன்பது
இரண்டு, அதுவும் தலைகீழாய்,
ஒன்று எட்டு.
நடுநடுவே
எதற்கென்று தெரியாத எழுத்துகள், கிலோமீட்டர் கணக்கில்.

ஏற்காடு ரோட்டை இப்படிப் போட்டிருந்தால்?
மூன்றாம் வளைவில் கிளம்பி,
ஐந்துக்கு முன்னால் ஆறைத் திரும்பி,
ஒன்பதிலிருந்து நேரே இரண்டில் விழுந்து,
இரண்டில் மட்டும் பஸ் பின்பக்கமாக ஏறினால்?
செம்மலையிடம் கேட்டேன்.
“டிக்கெட் காச யாருங்க திருப்பித் தர்றது?”

ஆனால் அது போய்ச் சேருகிறது.
பட்டினி போட வேண்டும், அவ்வளவுதான்.

போன மாதத் தண்ணீரில் பிடித்தவற்றை
அஸ்தம்பட்டி லேபில் பாசி கழுவி
வெறும் தண்ணீரில் விட்டிருந்தேன்.
பசி முற்றியதும் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டன.
பாதி கொடுத்துப் பாதி வாங்கின.
பிறகு ஒவ்வொன்றிலும்
பழைய பெரிய உட்கரு சாகத் தொடங்கும்,
சின்னதின் நகல் ஒன்று புதுப் பெரியதாக வளரும்.
நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் வெட்டி எறியும்.
மிச்சத்தைத் திருப்பும், புரட்டும், ஒட்டும்:
ஒன்று இரண்டு மூன்று.

எப்படித் தெரியும் அதற்கு?
சாகிற பெரியது, சாவதற்கு முன்
சரியான வரிசையை
ஆர்.என்.ஏ. சீட்டுகளில் எழுதிவைத்துவிட்டுப் போகிறது.
நாம் தப்புச் சீட்டை உள்ளே நுழைத்தால்
அப்படியே நம்பி ஒட்டிக்கொள்ளும்.
தனக்குப் பின் வருவதற்கும் அதையே சொல்லும்.
இதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

இரவு இரண்டரை மணி.
ஒட்டியவை நாற்பது ஜோடி.
பிரிந்தவை எண்பது.
குட்டி இல்லை, ஒன்றுகூட அதிகமாகவில்லை.
அதே எண்பது உடம்பு.
அவற்றில் ஒன்றுகூடப் பழையதில்லை.

நல்லதம்பியும் நானும்
குடும்ப நீதிமன்றப் படி இறங்கிய மத்தியானம் ஞாபகம் வந்தது.
அவர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் போனார்.
நான் ஒரு தட்டுவடை செட் வாங்கி
நின்றபடியே முழுதும் தின்றேன். அப்படி ஒரு பசி.
சொல்ல வாயெடுத்தேன்.
“செல்ல வெச்சு வாழ்க்கையப் பேசாத” என்றாள் தில்ஷாத்,
“மூணாம் தட்டுல தண்ணி வத்துது, பாரு.”
வற்றிக்கொண்டுதான் இருந்தது.
ஊற்றி மூடினேன்.

இப்போது இறங்குகிறோம். இருபது, பத்தொன்பது.
பதினொன்றில் பனி ஏறி
கண்ணாடி முழுக்க வெள்ளை.
ஒன்பதுக்கு அப்புறம் எட்டைக் காணோம்.
மழையில் சாய்ந்த பலகையை
யாரோ பாறைமேல் தலைகீழாய்ச் சாத்தியிருக்கிறார்கள்.
தலைகீழாகவும் எட்டு எட்டாகத்தான் இருக்கிறது.
செம்மலை அதைப் பார்க்கவில்லை.
ஸ்டியரிங்கைக் கை மாற்றி மாற்றி உருட்டுகிறார்,
மடியில் ஆறு பாட்டில்களும்
ஒரே பக்கம் சாய்கின்றன.